மண்வெட்டி

என் மேசையில் ஒரு எண் இருக்கிறது:
பூஜ்ஜியம் புள்ளி எட்டு மூன்று.
ஒரு யூரோ போட்டால் எண்பத்து மூன்று சென்ட் திரும்பும்.
ஒன்றுக்குக் கீழே என்றால் கரை உயராது.
இதைக் கண்டுபிடிக்கப் பதினோரு வாரமாயிற்று:
களிமண் டன்னுக்கு என்ன விலை,
லாரிக்கு எத்தனை நடை,
ஒக்கென்கோக்கில் எத்தனை வீடு, எத்தனை பசு,
நூறாண்டுக்கு ஒருமுறை வரும் புயல்
அறுபதாண்டில் வந்துவிட்டால் என்ன.

இது வட ஃப்ரீசியா. கடலிடமிருந்து
பிடுங்கிய நிலத்துக்குக் கோக் என்று பேர்.
பெருக்கின்போது கடல் தெருவைவிட உயரத்தில் நிற்கும்;
மேயும் பசுவின் முதுகுக்கு மேலே
கப்பல் போகும்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்றவர் யாரோ,
அவர் கரை கட்டிய பில்லைப் பார்த்ததில்லை.
சாணுக்கு நாற்பது லட்சம்.
முழத்துக்கு ஒரு கோடியே பத்து லட்சம்,
ஏனென்றால் உயர்த்தினால் அகலப்படுத்தவும் வேண்டும்,
அகலப்படுத்த ஒருவருடைய தோட்டம் வேண்டும்,
தோட்டக்காரருக்கு வக்கீல் உண்டு.

கரைச் சங்கத்தின் பழைய பேரேட்டில்
மை பழுப்பேறிய பக்கமொன்றில்
எட்லெஃப் பைசன் இருக்கிறான்.
அக்காலத்துச் சட்டம் சுருக்கமானது:
உன் நிலத்துக்கு முன்னால் உள்ள கரை உன் பாடு.
முடியவில்லையா,
மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டுப் போ.
பிடுங்குகிறவருக்கு நிலம், வீடு,
அடுப்புச் சாம்பல் வரைக்கும்;
கூடவே கரையும், கடனும், உடைப்பின் வாயும்.

எட்லெஃப் நவம்பரில் குத்தினான்.
மனைவியும் மூன்று பிள்ளைகளும் வண்டியில்.
ஒன்பது நாள் யாரும் தொடவில்லை.
தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பிடியைப்
பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள்.
ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் ஒரே கணக்கு:
அவன் பங்கு உடைந்தால் என் பங்கு நிற்காது,
ஆனால் நான் எடுப்பதைவிட
நீ எடுப்பது மலிவு.

பத்தாம் நாள் கோன்னே ப்ரோடர்சன் என்ற விதவை வந்தாள்.
தியாகம் என்று நினைக்காதீர்கள்.
அவளுடைய வயல்தான் ஊரிலேயே பள்ளம்.
பிடியில் கை வைத்துக்கொண்டே அக்கம்பக்கத்தாரிடம்
இரண்டு குளிர்காலத்துக்கு வண்டியும் ஆளும்
எழுதி வாங்கினாள். ஏழு கையெழுத்து, நாலு கைநாட்டு.
அப்புறம்தான் இழுத்தாள்.
இதைவிடச் சுத்தமான ஒப்பந்தத்தை
என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

போன வியாழன் கூட்டத்தில் மொம்மே கெட்டெல்சன் எழுந்தார்.
பால்பண்ணைக்காரர், உரக்கப் பேசத் தெரியாதவர்.
"உங்கள் எண் வந்த மறுவாரம்
என் வீட்டின் பேரில் கடன் இல்லை என்றது வங்கி.
கடன் கிடைக்காத வீட்டுக்குப் பாதி விலை.
அடுத்த முறை கணக்குப் போடும்போது
எந்த விலையைப் போடுவீர்கள், அம்மணி?"

நான் கோப்பைப் புரட்டினேன்.
பாதி விலையைத்தான் போடுவேன். விதிமுறை அப்படி.
அப்போது என் எண் புள்ளி ஏழு ஒன்றுக்கு இறங்கும்.
கடல் அதுவரை ஒரு விரற்கடைகூட ஏறியிருக்காது.

மேட்டுநிலத்து வரிகட்டுகிறவர்கள் பின்வரிசையில்.
என் அண்ணனும் அவர்களில் ஒருவன்.
அவன் கைதட்டவில்லை, முகம் சுளிக்கவுமில்லை,
கடிகாரத்தைப் பார்த்தான்.

இன்று காலை அளவெடுக்கக் கரையில் ஏறினேன்.
செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன.
அவற்றின் குளம்புதான் மண்ணை இறுக்குகிறது;
என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.
நாலாம் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மண்வெட்டி,
பிடி மேலே இருக்க, குத்தி நின்றது.
புதுசு. கடைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை:
இருபத்து நாலு யூரோ தொண்ணூற்றொன்பது.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.
அப்படிப் பார்த்ததற்கு வெட்கமாக இருந்தது.
பிடுங்கினால் யாருடைய கடன் என் தலையில்?
பிடுங்காவிட்டால்?
ஒரு கிடா வந்து பிடியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போயிற்று.
பெருக்கு மூன்று மணி பத்துக்கு.
அளவுகோலை மடித்துப் பையில் வைத்தேன்.
கையுறையைக் கழற்றினேன்.