ஒண்டேகால்

ஜக்கில் நிற்கும் காருக்கு உயரம் என்று ஒன்றில்லை.
செட்டையில் பிடித்துத் தூக்கிய கோழியின் கால்களாய்
சில்லுகள் தொங்கும்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட்.
நீர்கொழும்பில் ஐஸ் ஃபக்டரிக்குப் பின்னால் கிடந்ததை
அரிசி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில் ஏற்றி
பரந்தன் வரைக்கும் கொண்டுவந்தான் புனிதசீலன்.
வட்டக்கச்சி முழுக்கச் சிரித்தது:
"உழவு மெசினுக்குக் கீழாலை போகலாம்."
இப்போது அதை இன்னும் பதிக்க வேண்டுமாம்.
தமக்கை கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டிக்குள்
முன்னுக்கு ரெண்டு நீல ஸ்பிரிங்,
பின்னுக்கு ரெண்டு அலுமினியக் கட்டை.
"ஒண்டரை இஞ்சு, அக்கா."
"உங்கட ஒழுங்கையைப் பாத்தனியோ? ஒண்டேகால்."
சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.
அவன் தன் காற்சட்டையின் இடது பக்கத்தைக் குனிந்து பார்த்தான்.
"ஓம், அதுதான் என்ர அளவு."

ஸ்பிரிங் தட்டை நாலு போல்ட் பிடித்திருக்கிறது.
ரெண்டைக் கழற்றி, அந்த ஓட்டைகளில்
சாண் நீளத்துக்குப் புரி வெட்டிய கம்பி போட்டேன்.
பிறகு மற்ற ரெண்டு.
அரைச் சுற்று இந்தப் பக்கம்,
அரைச் சுற்று அந்தப் பக்கம்.
அமர்ந்து கிடக்கும் ஒன்றின் மேலிருந்து
பாரத்தை எப்படி எடுப்பது என்று
எங்கள் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.
புனிதசீலன் வெளியே போய் வேலியைப் பார்த்தபடி நின்றான்.
முனகல் அடங்கிய பிறகுதான் உள்ளே வந்தான்.

பழைய ஸ்பிரிங், புதியதைவிட ஒரு விரல் உயரமாய்
சீமெந்து நிலத்தில் நின்றது.
பாரம் போனது அதற்கு இன்னும் தெரியாது.

அரைக்கால் இஞ்சுத் தகடு வைத்தால்
சில்லில் கால் இஞ்சு ஏறும்.
வைத்தேன். பூட்டினேன்.
றப்பர் புஷ்ஷின் நட்டுகளை மட்டும் இறுக்கவில்லை.
தொங்கும்போது இறுக்கினால் றப்பர்
தொங்கலைத்தான் தன் நிலை என்று எடுத்துக்கொள்ளும்,
பிறகு ஓடும் நாளெல்லாம் முறுகியே கிழியும்.
கார் நிலத்தில் நிற்க வேண்டும்,
உள்ளே ஆள் இருக்க வேண்டும்.
ஆளுக்கோ மில்லில் அவசரம்.

"உன்ர நிறை எவ்வளவு?"
"காலோடயோ, கால் இல்லாமலோ?"

நல்ல கேள்வி.
கிளச்சை அவன் கையால்தான் பிடிக்கிறான்:
மோட்டார்சைக்கிள் பிறேக் பிடி ஒன்றைக்
கியர்த் தடியில் பூட்டிக் கொடுத்தது நான்.
கால், சப்பாத்தும் மேசும் போட்டபடி
பக்கத்துச் சீற்றில் இருந்து வரும்.

ஆக,
வலது சீற்றில் யூரியாப் பை ஒன்று, ஐம்பது கிலோ.
அதன் மடியில் பச்சையரிசி பன்னிரண்டு.
இடது சீற்றில் ரெண்டரைக் கிலோவுக்கு
ஸ்பனர்களைத் தராசில் போட்டுப் போட்டு எடுத்தேன்;
கடைசியில் ஒரு பதினேழாம் நம்பர் கூடிப்போச்சு, விட்டுவிட்டேன்.

காரை ஆட்டினேன், முன்னும் பின்னும் உருட்டினேன்.
வலது பக்கம் அரைக்கால் இஞ்சு பதிவு.
திரும்ப ஜக். திரும்பக் கம்பி.
அரைச் சுற்று, அரைச் சுற்று.
வீசம் இஞ்சுக்கு ஒரு வளையத் தகடு.
இறக்கினேன்.
யூரியா இருக்க, அரிசி இருக்க,
காருக்குக் கீழே மல்லாந்து கிடந்து
நட்டுகளை இறுக்கி முடித்தேன்.
முதுகில் புழுதி, வாயில் புழுதி.

பின்னேரம் வந்தான். பைகளை இறக்கினோம்.
காலைக் கழற்றி இடது சீற்றில் வைத்தான்,
பெல்ட் போட்டுவிட்டான் அதற்கு.
போனான்.
கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தான்.

"ஒருக்கால் தட்டினது, அக்கா."
"எவடத்திலை?"
"எங்கட வாய்க்கால் மதகிலை. சைலன்சர்."
"உயர்த்தவோ?"
இஞ்சினை நிற்பாட்டாமல் யோசித்தான்.
"வேண்டாம். தட்டுற இடம் இனித் தெரியும்தானே."

தகரச் சுவரில் சோக்கால் எழுதி வைத்திருக்கிறேன்,
அடுத்தமுறைக்கு:
முன் இடம், முன் வலம், பன்னிரண்டே அரைக்கால்.
கால் இடது சீற்றில்.