காரணம்: அதிர்வு

முடிவுத் தாளின் கடைசி வரியைப் படிப்பவர்கள்
இரண்டே பேர்.
வெர்லின் டாக்கெட். நான்.

எண் 79. ஓடியது இருபத்தாறு சுற்று.
நாற்பத்து மூன்றாம் இடம்.
காரணம்: அதிர்வு.

அதிர்வு எதுவும் இல்லை.
கார் தண்ணீரில் விட்ட மீனாகத்தான் போனது.
எங்களிடம் ஒரு செட் டயர் இருந்தது, இரண்டாவது இல்லை.
தொடங்கினால் காசு,
முடித்தால் செலவு.
அதனால் மைதானக் கூரையில் நின்று
ரேடியோவில் நான்தான் சொன்னேன்:
"போதும் வெர்லின். உள்ள வந்துரு."
போன மாதம் பிரேக் என்று எழுதினோம்.
அதற்கு முன்பு மின்கோளாறு.

பந்தயத்தில் நான் அவன் கண்.
தலைக்கவசமும் இருக்கையின் இறக்கைகளும்
பக்கவாட்டு உலகத்தை மறைத்துவிடும்.
உள்ளே ஒருத்தன்.
இன்னும் உள்ளே.
கதவுக்கு நேராக.
பின்சக்கரத்தில்.
போயிட்டான்.
பதினோரு வருடமாக
இவ்வளவுதான் எங்கள் பேச்சு.
சாப்பாட்டு மேசையில் இதுவும் கிடையாது.

ஆண்டுக்கு முப்பத்தாறு பந்தயம். எங்களுக்கு ஏழு.
எந்த ஏழு என்பதைக்
கதவில் பெயர் ஒட்டக் காசு தருபவர் முடிவு செய்வார்.
மற்ற நாட்களில் அவன்
கென்டக்கி மலையிடுக்குகளில்
கழிவுத் தொட்டி உறிஞ்சும் லாரி ஓட்டுகிறான்.
நான் பள்ளிப் பேருந்து.
ஒரு வருடம் சவ அடக்க நிலையம் ஒன்று காசு தந்தது.
'நிதானமாக வாருங்கள், காத்திருக்கிறோம்' என்று
பம்பரில் எழுதச் சொன்னார் அதன் அதிபர்.
வெர்லின் விழுந்து விழுந்து சிரித்தான்.
அவன் மனைவி ஒலீட்டா அந்த வருடம்
ஒரு பந்தயத்துக்கும் வரவில்லை.

வட்டத்தில் ஓடி வட்டி கட்டினான்.
ஓட்டுகிறவனுக்கும் ஓட்டாண்டிக்கும்
எத்தனை எழுத்து தூரம்?

நீலக் கொடியில் மஞ்சள் பட்டை:
பெரிய கார்கள் வருகின்றன, ஒதுங்கு.
பிரிஸ்டலில் ஒரே இரவில் நாற்பத்தொரு தடவை எண்ணினேன்.
ஒதுங்குவதற்கும் கை வேண்டும்.
கோட்டை விடாமல், மூக்கு ஆடாமல்,
அவர்கள் கிழித்துப்போகும் காற்றில் வால் தூக்காமல்.
தாண்டும்போது சிலர் ஜன்னல் வலைக்குள்ளிருந்து
ஒரு விரல் காட்டுவார்கள்.
எந்த விரல் என்று
நான் அவனிடம் சொல்வதில்லை.

போன அக்டோபர், மார்ட்டின்ஸ்வில்.
இருபத்து நான்காம் சுற்றில் அவன் குரல்:
"வண்டி ஆடுது."
சிரித்தேன். இன்னும் இரண்டு சுற்று இருக்கே, அவசரமா?
"இல்ல. நிஜமாவே ஆடுது. பல்லெல்லாம் ஆடுது."
உள்ள வந்துரு, என்றேன்.
இருபத்தாறு போனது.
இருபத்தேழு.
முப்பது.
"வெர்லின்?"
"நிஜமா ஆடுற அன்னைக்கு
உள்ள வர மாட்டேன்."

கார் முதலாளி ஹோபார்ட் ஃப்யூகேட்
தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.
பிறகு அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு
பக்கத்துப் பெட்டிகளில்
கழற்றிப்போட்ட டயர்களைக் கெஞ்சி வாங்கப் போனார்.
மாற்றியவர்கள், சரக்கு வண்டி டிரைவரும் ஒலீட்டாவின் தம்பியும்.
நாற்பது விநாடி. ஒரு நட்டு உருண்டே போனது.
இருட்டியதும் பிரேக் தட்டுகள்
அடுப்புத் தணல் போலச் சிவந்தன.
என் தொண்டை கட்டிவிட்டது.
உள்ளே ஒருத்தன். உள்ளே இரண்டு பேர். இன்னும் உள்ளே.

முப்பத்தொன்றாம் இடம். பத்தொன்பது சுற்று பின்தங்கி.
காரணத்தின் கட்டத்தில்
ஒரே சொல் அச்சடித்திருந்தார்கள்:
ஓடுகிறது.

எஞ்சின் போயிற்று. அடுத்த பந்தயம் இல்லை.
அதற்கடுத்ததைப் பற்றி
ஹோபார்ட் பேச்செடுக்கவில்லை.

திங்கள் காலை, ஓடையோரக் குறுகல் பாதையில்
எதிரே அவன் லாரி.
நான் பிரேக்கைத் தொடும் முன்பே
வாய்க்கால் பக்கம் ஒதுங்கி நின்றுவிட்டான்.
முப்பத்திரண்டு பிள்ளைகளோடு தாண்டினேன்.
எங்கள் ஊர் வழக்கப்படி
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினான்.

விரல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.