குமிழ்

தை செங், ஆறாம் மாடி.
குளிரூட்டிக்கு நேர் கீழே என் மேசை.
அதன்மேல் ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை,
நாங்கள் செய்துகொண்டிருக்கும் அடுப்பு.
தீ இல்லை, புகை இல்லை, குமிழும் இல்லை.
தொட்டால் சூடு. அவ்வளவுதான்.
அப்படித்தான் வேண்டுமென்று
நான்கு கூட்டங்களில் வாதாடி வென்றவள் நான்.

சோதனைக்கு எஸ்தர் கோ வந்தாள்.
இருபத்திரண்டு வயது.
பிறந்ததிலிருந்தே மின்னடுப்பு வீடு.
கண்ணாடியைத் தொட்டாள்,
பிறகு குனிந்து
கழுத்தை ஒருபக்கம் சாய்த்துச்
சட்டிக்கடியில் பார்த்தாள்.
"என்ன தேடுகிறாய்?"
"தெரியவில்லையே" என்றாள்.

அடுத்து வந்த இர்ஃபான்
திருகுவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில்
இரண்டு விரலை ஊன்றி
அழுத்தித் திருகினான்.
பதினொரு பேரில் ஏழு பேர் இப்படி.
ஒளிப்பதிவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

நான் மட்டும் என்ன.
ரயிலில் நின்றபடி தம்பியை அழைத்து
"அடுப்பைப் பற்றவை, வந்துவிட்டேன்" என்கிறேன்.
எதைப் பற்றவைப்பான்?
"அணைத்தாயா?" என்கிறேன்.
எதை?
தீ போய்விட்டது,
வினைச்சொல் வீட்டைக் காலிசெய்யவில்லை.
மண்ணடுப்பின் விளிம்பில்
பானையைத் தாங்கி நின்ற மேட்டுக்கும்
குமிழ் என்றுதான் பேர்.
எரிவாயு வந்தபோது
திருகுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.
இரண்டு அடுப்பு தாண்டிய சொல்லிடம்
நான்கு கூட்டங்கள் எம்மாத்திரம்?

சரி, குமிழ் வைப்போம் என்றேன்.
குவாங் ஹுவெய் சிரிக்கவில்லை,
அவனிடம் எனக்குப் பிடித்தது அது.
"சத்தம்?" என்று மட்டும் கேட்டான்.

கேரோசலில் பதினைந்து வெள்ளிக்கு
ஒரு பழைய எரிவாயு அடுப்பு.
புக்கிட் மேராவில் வீடு மாறுகிறவர்கள்.
கழற்றுமுன் அங்கேயே பதிவு செய்தேன்:
அழுத்து, திருகு,
டிக் டிக் டிக், புஸ்.
பக்கத்து வீட்டில் யாரோ
மாஜோங் காய்களைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து சுத்தம் செய்தோம்.
புஸ்ஸை எடுத்தோம், பொய்க்கும் ஓர் எல்லை வேண்டும்.
இரண்டு டிக்கை எடுத்தோம்.
மீந்த ஒன்றின் வாலில்
ஒரு காயைக் கீழே வைக்கும் ஓசை,
நொடியில் பத்தில் ஒரு பங்கு.
வெட்டிவிடுகிறேன் என்று சொல்லி
அப்படியே சேமித்தேன்.
சேமிக்கும் பொத்தானில்
நான் கையால் தொட்டேயிராத
ஒரு நெகிழ்வட்டின் படம்.

போன வாரம் பொங்கோலிலிருந்து ஒரு புகார்:
"டிக்குக்குப் பின்னால் இன்னொன்று கேட்கிறது.
எங்களுக்கு இல்லை, பூனைக்கு.
அடுப்பைப் போடும்போதெல்லாம்
வாசலைத் திரும்பிப் பார்க்கிறது."

ஆராய்கிறோம் என்று பதில் எழுதினேன்.
அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றும்.

அடுத்த பதிப்புக்கு
இன்னும் நாள் குறிக்கவில்லை.