விழுந்ததாக எழுதப்பட்டது

புது உள்ளரங்கத் திறப்பு மலருக்கு
'மறக்க முடியாத சொந்த மைதான ஆட்டங்கள்'
ஒரு பக்கத்துக்குள் வேணுமாம்.
இருபத்தாறு வருடம் புள்ளிக் கொப்பி
என் கையில் இருந்ததால்
என்னைப் பிடித்தார்கள்.

எழுபத்தொன்பதை எழுதலாம்.
வாடகை ஜெனரேற்றர், முதல் இரவாட்டம்.
ஐப்பசி மழை விட்ட கையோடு ஈசல் கிளம்பி
சீமெந்துத் தரையெல்லாம் சிறகு.
வழுக்கி விழுந்த நடுவர்
விழுந்தபடியே விசில் ஊதினார்.
யாருடைய தவறுக்கு என்பது
இன்றுவரை கொப்பியில் இல்லை.

எண்பத்திரண்டு, தோல்வி.
யாழ்தேவியில் வந்திறங்கிய கொழும்புப் பெடியள்
முப்பத்தெட்டுப் புள்ளியால் எங்களை உரித்தார்கள்.
ஆனாலும் அவர்களில் ஒரு நெட்டையன்
நடுக்கோட்டுக்கு அங்கால் நின்று எறிந்தது
பலகையைத் தொடாமல் இறங்கியபோது
எங்கள் சனம் மதிலில் ஏறி நின்று கைதட்டியது.
அதிபருக்கு அது பிடிக்கவில்லை.

இவ்வளவும் எழுதிக் கொடுத்தாயிற்று.
மிச்சம் தொண்ணூற்றுமூன்று.

மின்சாரம் போய் மூன்று வருடம்.
பந்தில் சைக்கிள் ரியூப் ஒட்டு மூன்று இடத்தில்.
வளையத்துக்கு வலை கேட்டுக் குருநகர் போனோம்;
"மீனுக்கே நூலில்லை, உங்கடை பந்துக்கோ?"
புள்ளித்தாள், எட்டாம் வகுப்பு
விஞ்ஞான வினாத்தாளின் பின்பக்கம்.

மூன்றரைக்குத் தொடங்கினோம்.
பாதியில் பொம்பர் வந்தது.
இரண்டு அணியும் ஒரே பங்கருக்குள்
முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தது.
நான் மணிக்கூட்டை நிறுத்திப்
பொக்கற்றில் போட்டிருந்தேன்.
அது சுற்றிச் சுற்றி எங்கேயோ போட்டுவிட்டுப் போக
வெளியே வந்தால் பொழுது பட்டுவிட்டது.
ஆட்டத்தில் மூன்று நிமிடம் மிச்சம்.

'நாளைக்கு' என்று ஒருவரும் சொல்லவில்லை.
பதினொரு சைக்கிளைக் கரையில் ஸ்ராண்டில் ஏற்றி
பின்சில்லில் டைனமோவை அழுத்தி
பெடியள் ஏறி மிதித்தார்கள்.
மிதித்தால் வெளிச்சம், களைத்தால் மங்கல்.
பதினொரு மஞ்சள் வட்டம்
பலகையில் நடுங்கிக்கொண்டு நின்றது.

நாங்கள் நாற்பத்தொன்று, அவர்கள் நாற்பத்திரண்டு.
கடைசி மூச்சில் அமிர்தரூபன்
வலது மூலையிலிருந்து எழும்பினான்.
பந்து கையை விட்டது.
அதைப் பார்க்கிற அவதியில்
பதினொரு பேரும்
மிதிக்க மறந்தார்கள்.

இருட்டு.

வலையில்லாத வளையம்:
விழுந்தாலும் சத்தமில்லை,
விழாவிட்டாலும் சத்தமில்லை.
பிறகு சீமெந்தில் பந்து
துக், துக்,
துக்துக்துக்.

நடுவர் என் மேசைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்,
குரல் இந்தப் பக்கமாக வந்தது:
"விழுந்ததோ?"

விரலால் தாளைத் தடவி இடம் பிடித்து
இரண்டு என்று எழுதினேன்.
எழுதிவிட்டுத்தான் சொன்னேன்,
"விழுந்தது."

வளையத்துக்கு நேர்கீழே நின்றவன்
அச்சுவேலி யூட் பெனடிற்.
போன மாதம் கச்சேரியில்
வாகன வரிப்பத்திர வரிசையில் கண்டேன்.
தலை பாதி நரை. நானாகக் கேட்கவில்லை.
"பந்து என்ரை தோளிலை பட்டது அண்ணை.
மேலாலை வந்ததோ, பக்கத்தாலை வந்ததோ,
இண்டைக்கும் படுக்கேக்கை யோசிப்பன்.
நீங்கள் கண்டனீங்கள்தானே?"
"ஓம்" என்றேன்.
வரிசை ஓரடி நகர்ந்தது.

மலருக்கு ஒரே வரிதான் எழுதினேன்:
1993. 43 – 42. வெற்றி.

மின்புள்ளிப் பலகைக்குக் காசு
ஒஸ்லோவிலிருந்து அமிர்தரூபன் அனுப்பியிருக்கிறான்.
கூடவே ஒரு குறிப்பு:
'பலகையிலை என்ரை பேர் வேண்டாம்.
ஆனால் அண்ணை,
நல்ல வலையாப் போடச் சொல்லுங்கோ.'

நேற்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன்.
பன்னிரண்டு கொளுக்கி.
பன்னிரண்டிலும் மாட்டியிருக்கிறது.