இரண்டாம் வயலின், கடைசி வரிசை

முதல் வயலின்காரர் ஐந்து பேருக்கும்
பாட்டுக் கிடைத்தது.
எங்களுக்குக் கிடைத்தது சக் சக்.
செலோவில் றெஜினோல்ட் பூம் என்பான்,
பிறகு நாங்கள் சக் சக்.
பக்கத்தைத் திருப்பினால்
அங்கேயும் சக் சக்.

செலோவின் தடித்த கம்பி அறுந்தபோது
கொழும்பிலிருந்து வர மூன்று மாதம் என்றார்கள்.
றெஜினோல்டின் மாமா
சுறாவுக்குப் போடும் தங்கூசியில்
ஒரு பாகம் வெட்டித் தந்தார்.
அதற்குப் பூம் சொல்ல வராது.
மூக்கடைத்தவன் யாரையோ கூப்பிடுவது போல
ஒன்று சொல்லும்.
ரொசின் முடிந்த கிழமை
தோணிக்குக் காய்ச்சும் குங்கிலியத்தைத் தேய்த்துப் பார்த்தோம்.
வில், கம்பியோடு ஒட்டிக்கொண்டது.
டில்ருக்‌ஷி இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.
அது அவளுடைய வில்.

ஐந்து மணிக்குள் வீடு போய்ச் சேரவேண்டிய காலம்.
மடத்தடிச் சந்திச் சாவடியில்
பெட்டியைத் திறக்கச் சொன்னவனுக்கு
என் அண்ணனின் வயதுதான் இருக்கும்.
துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு
ஒரு கம்பியைச் சுண்டினான்.
சுருதி இறங்கியிருந்தது.
பயத்தை விட
அதுதான் எனக்குப் பெரிதாய்ப் பட்டது.
கோட்டை மான் ஒன்று
குப்பையில் பொலித்தீன் மென்றுகொண்டு
எங்கள் இருவரையும் பார்த்தது.

பரிசளிப்பு விழாவன்று கார்த்திகை மழை.
யன்னலெல்லாம் அடித்துச் சாத்தி
பின்னேரம் மூன்று மணிக்கே
மண்டபத்தில் லைட் போட்டிருந்தது.
முன்வரிசையில் அரச அதிபர்,
பக்கத்தில் அவர் மனைவி,
மடியில் நனைந்த குடை.
வால்ட்ஸின் இரண்டாம் பக்கத்து நடுவில்
கரண்ட் போனது.

முதல் வயலின்கள் ஒவ்வொன்றாய் நின்றன.
பாட்டை அவர்கள் தாளில்தான் வைத்திருந்தார்கள்.
கிளறினெற் ரிஃப்கா இன்னும் கொஞ்சத் தூரம் போய்
எங்கேயோ தடுக்கி நின்றாள்.
நாங்கள் நிற்கவில்லை.
சக் சக் வாசிக்க யாருக்கு வெளிச்சம் வேண்டும்?
பூம் என்றது சுறாத் தங்கூசி.
சக் சக்.
பூம்.
சக் சக்.
தர்மிகாவின் முழங்கை என் விலாவில் இடித்தது,
சிரிக்கிறாள் என்று அதில் தெரிந்தது.
ஓட்டில் மழை.
பாட்டு இருந்த இடம்
எங்களுக்கு மேலே தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது,
ஆளில்லாத பஸ்
ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று நின்று
போவது போல.

நாலு நிமிடம் என்பான் றெஜினோல்ட்,
இப்போதும், உப்புவெளியில்
போட் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி.
ஒரு நிமிடம்கூட இராது.
லைட் வந்தபோது
அரச அதிபரின் மனைவி
குடைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தா.
சக் சக். இடம் பிசகாமல்.
தனக்கே அது தெரிந்ததும்
கையை எடுத்துக் குடைக்குக் கீழே வைத்தா.

போன மாதம் நோர்வேயிலிருந்து தர்மிகா.
எடியே, அந்த வால்ட்ஸ் எப்பிடிப் போகும்?
மகளுக்குப் பாடிக் காட்டவேணும்.
கந்தோர் கதவைச் சாத்திவிட்டு வந்து
வாயைத் திறந்தேன்.
அங்கே அவளும் திறந்தாள்.
இருவருக்கும் வந்தது ஒன்றுதான்.
கொஞ்ச நேரம் அதையே பாடினோம்,
பூமுக்கு இடம் விட்டு விட்டு.

பின்னால் பிள்ளை
அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னது.
என்னவாம்? என்றேன்.
பாட்டு எப்ப தொடங்கும் எண்டு கேக்கிறாள்.