தோலுக்குள் சுரங்கம்

சுங்கை கடுட் பலகைக் கிடங்கின் பின்னால்
நனைந்த சாக்கு என்றுதான் நினைத்தேன்.
சாக்கு தன்னைச் சொறிந்துகொண்டது.

காது விளிம்பெல்லாம் சாம்பல் பொருக்கு.
முழங்காலில் மயிரில்லை, யானைத்தோல்.
சொறிகிற வேலையிலேயே நாள் போய்விட
தின்ன நேரமில்லை அதற்கு,
தூங்கவும்.
நேற்று வைத்த பரோட்டாவில் எறும்பு.

ஹுய் ஷான் டாக்டர்
தோலைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவி
என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.
எட்டுக் கால். கண் கிடையாது.
தோலுக்கடியில் வழி குடைந்து
போகிற பாதையெல்லாம் முட்டையிடுமாம்.
ரயிலுக்கு மண்ணடியில் வழி குடைகிறவன் நான்;
சட்டென்று வெறுக்க வரவில்லை.

பிறகு என் மணிக்கட்டிலும் நமைச்சல்.
மேல்படுக்கை தவசிக்குத் தெரியாமல்
போர்வைக்குள் சொறிந்தேன்.
"மனுசத் தோலில் அது நிலைக்காது" என்றார் டாக்டர்.
நிலைக்காததைப் பற்றி எனக்குத் தெரியும்;
பர்மிட் இன்னும் ஏழு மாதம்.

மாத்திரையை டப்பா மீனில் ஒளித்துக் கொடுத்தோம்.
முதல் வாரம் இன்னும் மோசம்.
சீழ் நாற்றம் தாங்காமல்
ஃபோர்க்லிஃப்ட் ஜமீல்
மூக்கைப் பொத்தியபடியே தண்ணீர் வைத்தான்.

மூன்றாம் வாரம், இரவுவேலை முடிந்து வருகிறேன்.
முதுகில் பூனைமுடி, நாய்க்கு!
என்னைப் பார்த்தும் எழவில்லை.
வாயை அகலத் திறந்து
ஒரு கொட்டாவி விட்டது,
நடுவில் நிறுத்திச் சொறியாமல்,
முழுசாக.