பெயின்ட் காசு

பாலம் தாண்டினால் வாடகை ஆயிரம் குறையும்.
ஆஸ்பத்திரி வாசலில் நான் சொல்லும் முதல் வாக்கியம் இது.
தமிழில் ஒரு தரம், இந்தியில் ஒரு தரம்,
பெங்காலியில் விரலால்.

விருதம்பட்டில், ரயில் சத்தம் சுவர் ஏறி வரும்
நாலு தெருவுக்கு நான்தான் புரோக்கர்.
என் நோட்டில் இருநூற்றுப் பதினாறு கதவுகள்.
சொந்தக்காரர் குடியிருப்பது முப்பத்தொன்றில்.
மீதியெல்லாம் வாடகை. வாடகைக்குள்ளும் வாடகை உண்டு:
பதினேழாம் நம்பர் மாடியில்
ராணிப்பேட்டை ஷூ கம்பெனிப் பெண்கள் ஆறு பேர்,
கட்டில் மூன்று.
ஷிப்டு மாறும், தலையணைச் சூடு ஆறாது.

இங்கே கல்யாண வயசு அதிகம், கல்யாணம் குறைவு.
தலை நரைத்தவர் யாராவது மாடி ஏறினால்
கையில் ஸ்கேன் கவர் இருக்கும்.
ரேஷன் கடையில் வரிசை இல்லை,
கேன் தண்ணி வண்டிக்கு அடிதடி.
ஓட்டு கேட்டு வருகிறவர்கள்
எங்கள் தெருவை ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொள்வார்கள்.

"எத்தனை பேர்?" ஓனரின் முதல் கேள்வி.
"என்ன ஆளுங்க?" இரண்டாவது.
மூன்றாவதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்,
சமையல்கட்டு ஜன்னலைப் பார்ப்பார்.
"நல்ல குடும்பம் சார்" என்பேன்.
அந்த ஐந்தெழுத்துக்குள்
எத்தனை பேரைத் திணித்திருக்கிறேன்!

மாசியில் வந்தார் நிமாய் மண்டல், கூடவே மனைவி காகலி.
மால்டா பக்கம் ஏதோ ஊர். சிறுநீரகம்.
ஒரு ரூம், ஒரு கிச்சன், பாத்ரூம் வெளியே,
நாலாயிரத்து ஐந்நூறு.
அட்வான்ஸ் இருபதாயிரத்தை
எக்ஸ்ரே உறையிலிருந்து எடுத்து எண்ணினார்கள்.
என் கமிஷனையும் அதே உறையிலிருந்து.

நாற்பத்தோரு நாள்.
பிறகு பாலாற்று மணலில் புகை,
ஒரு எவர்சில்வர் தூக்கில் சாம்பல்.

ஓனர் தேவராஜுலு கால்குலேட்டர் எடுத்தார்.
"ரெண்டாவது மாசம் பொறந்துடுச்சே, அது நாலாயிரத்து ஐந்நூறு.
கரண்டு முந்நூறு.
பெயின்ட் ஆறாயிரம். அடிச்சுத்தானே ஆகணும்?
அடுத்து வர்றவங்க கேப்பாங்க இல்ல."
அந்தச் சுவரில் ஒரு கீறல் கிடையாது.
காலண்டரைக்கூட
ஜன்னல் கம்பியில் நாடா போட்டுக் கட்டியிருந்தாள் காகலி.
நான் எதுவும் பேசவில்லை.
முப்பத்தொரு கதவில் ஏழு அவருடையது.

ஒன்பதாயிரத்து இருநூறு.
காட்பாடி ஸ்டேஷனில், ஹவுரா வண்டிக்கு முன்னால் கொடுத்தேன்.
இரண்டு தரம் எண்ணினாள்.
ஏன் குறைகிறது என்று என் உடைந்த இந்தியில் சொன்னேன்.
கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"என்ன கலர் அடிப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை.
பர்ஸிலிருந்து இரண்டாயிரம் எடுத்து
ஓனர் கொடுத்தார் என்று பொய் சொன்னேன்.
முழுக் கமிஷனையும் தந்திருக்கலாம்.
ஐந்தாம் தேதி என் வீட்டு வாடகை.
நானும் குடக்கூலிதான்,
இரண்டு தெரு தள்ளி, பதினொரு மாச ஒப்பந்தம்.

பெயின்ட் அடிக்கவில்லை.
பத்தே நாளில் அதே பழைய வெளிர் பச்சைக்குள்
ஐஸாலிலிருந்து வந்த நர்ஸ் பொண்ணு குடி புகுந்தாள்.
வாடகை ஐந்தாயிரம். ஒண்டி ஆள், பெயர் லால்ருவாதி.
பெட்டியைப் பிரிக்கும் முன்பே
சுத்தியல் இரவல் கேட்டு வாங்கி
நடுச்சுவரில் ஆணி அடிக்கத் தொடங்கினாள்.
கீழேயிருந்து தேவராஜுலு கத்தினார்:
"ஏம்மா புரோக்கரம்மா, சொல்லக் கூடாதா நீ?"

படியில் நின்றபடி
கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல்
தேடிக்கொண்டே இருந்தேன்,
அவள் இரண்டாவது ஆணியையும் அடித்து முடிக்கும்வரை.